மாடு அறிந்த மறு கை

நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் குரு எவற்றையெல்லாம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைக் குருமடத்தில் நமக்குத் திருத்தமாகக் கற்பித்திருந்தனர். நற்கருணைச் சிமிழ், புனித எண்ணெய், சிறு சிலுவை, தீர்த்தம், செபநூல். ஆனால், நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை, திருவொற்றியூர்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் கறவை மாடு வைத்துப் பிழைத்த ஒரு தாயிடம்தான் கற்றோம். அந்தப் பாடத்திற்கு ஒரு பசுவின் உயிர் விலையாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தின் ஓர் இரவு. அத்தாய்க்கு மூச்சு வாங்குகிறது, கால்கள் வீங்கிவிட்டன, மருத்துவர் சொல்லியும் மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அன்பியத்தினர் வந்து அழைத்தனர். சென்றோம். பத்தடி அகல வீடு. அதையொட்டித் தகரக் கூரை வேய்ந்த கொட்டகை. அதில் இரண்டு பசுக்கள், ஒரு கன்று, நான்கு ஆடுகள். கணவர் மறைந்து பத்தாண்டுகள். ஒரே மகன் சரக்குப் பெட்டக லாரி ஓட்டுநர். துறைமுகத்தில் பெட்டி ஏற்றினால் திரும்பி வர ஒரு வாரமும் ஆகும். விடியற்காலை நாலரை மணிக்குக் கறந்து, இருபது வீடுகளுக்குப் பால் ஊற்றி அந்தக் குடும்பத்தை நிமிர்த்தியவர் அந்தத் தாய்.

நோயில்பூசுதல் அருளடையாளத்தை நிறைவேற்றினோம். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினோம். கறப்பதற்கு முன் விளக்கெண்ணெய் தடவித் தடவி மெருகேறியிருந்த கைகள் அவை. செபம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாமி, நான் போய்ப் படுத்துக்கினா செவலைய யாரு கறக்கறது? அது வேற யாரையும் கிட்ட சேக்காது" என்பதுதான்.

அக்கேள்விக்கு நாம் அளித்த பதிலை இன்றும் கூச்சத்தோடு நினைவுகூர்கிறோம். "அதையெல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் அம்மா, முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள்" என்றோம். குருவானவர் சொல்லிவிட்டாரே என்று அவர் எழுந்தார். ஆட்டோவில் ஏறும்வரை கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆன்மாவுக்கும் ஓர் உடலுக்கும் வேண்டியதைச் செய்துவிட்ட நிறைவோடு நாம் இல்லம் திரும்பினோம்.

அடுத்த நாள் காலை அக்கம்பக்கத்தார் கூடினர். நல்ல மனம் படைத்தவர்கள். ஒருவர் கறக்க முயன்றார்; செவலை உதைத்தது. இன்னொருவர் முயன்றார், பால் இறங்கவில்லை. சரி, வயிறாவது நிறையட்டும் என்று, முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரு பெரிய அண்டா நிறையக் கொண்டுவந்து வைத்தனர். பசு ஆவலோடு தின்றது. மாலையில் வயிறு உப்பியது; அசைபோடுவது நின்றது; இரவில் படுத்தது. மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து மருந்து கொடுத்தும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் செவலை இறந்தது. அதே நாளில், தண்ணீர் வைக்க எவரும் நினையாத மற்றொரு பசு கயிற்றை அறுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய், மாநகராட்சித் தொழுவத்தில் அடைபட்டது.

செய்தி எப்படியோ மருத்துவமனைக்கு எட்டியது. நான்காம் நாள் அத்தாய், யார் தடுத்தும் கேளாமல், தம் பொறுப்பில் கையெழுத்திட்டுவிட்டு, ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். நாம் விரைந்து சென்றபோது காலியான கட்டுத்தறியின் முன் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "கடவுள் பாத்துக்குவாருன்னு சொன்னீங்க சாமி. யாரு கையால பாப்பாருன்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல" என்றார்.

முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றிவந்த நமக்கு அன்று மறுமொழி கிடைக்கவில்லை. மேய்ப்புப்பணி என்ற சொல்லைத் தேர்வுத்தாள்களில் எத்தனை முறை எழுதியிருப்போம்! ஒரு மாட்டையும் நாம் மேய்த்ததில்லை. ஒரு மடியையும் தொட்டதில்லை.

நடந்தது ஏன் நடந்தது என்று பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்தோம். பசுவின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே அதற்கு உணவைச் செரித்துக் கொடுக்கின்றன. அவை வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியவை. திடீரெனச் சோற்றை மிகுதியாகக் கொட்டினால் அது விரைவில் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலமே மாட்டைக் கொல்கிறது. பொங்கல் நாள்களில் அன்பு மிகுதியால் மாடுகளுக்கு இப்படி நேர்வதுண்டு என்றார். தீவனத்தை மாற்றுவதென்றால் சிறிது சிறிதாக, பல நாள்களில் மாற்ற வேண்டும்.

பால் இறங்காததற்கும் காரணம் உண்டு. மடியில் பால் இருந்தால் மட்டும் போதாது; பசுவின் உடலில் ஒரு சுரப்புநீர் ஊறி அப்பாலை இறக்கிவிட வேண்டும். அறிந்த கை, அறிந்த மணம், அறிந்த நேரம் இவற்றால் அது ஊறுகிறது; அச்சத்தால் தடைபடுகிறது. கறக்கப்படாத மடி கனத்து வலிக்கும். மடிநோய்க்கும் இடம் கொடுக்கும். ஆகவே, "எனக்கு முடியாமல் போனால் என் மாட்டை நீ பார்த்துக்கொள்" என்று ஒருவரிடம் சொல்லி வைப்பது மட்டும் ஏற்பாடு ஆகாது. சொன்னது மனிதருக்குத் தெரியும், மாட்டுக்குத் தெரியாது. மாடு அறிந்த மறு கை ஒன்று, உடையவர் நலமாக இருக்கும்போதே உருவாகியிருக்க வேண்டும்.

இதை நம் வடசென்னைப் பகுதிக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றூரில் உடையவர் நோயில் விழுந்தால் மாடு ஊர் மந்தையோடு மேயப் போகும். ஏரியில் தண்ணீர் குடிக்கும். இங்கே மந்தை ஏது, மேய்ச்சல் ஏது? எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய திறந்த வெளிகளை அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் ஆலைகளும் நிரப்பிவிட்டன. சாலை முழுவதும் பெட்டக லாரிகள். வைக்கோல் கட்டு, தவிடு, புண்ணாக்கு, குடத்துத் தண்ணீர் அனைத்தும் உடையவர் கையிலிருந்து வந்தாக வேண்டும். கோடையில் ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 60 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். அந்தக் கை ஓய்ந்த அன்றே அதற்குப் பஞ்சம் தொடங்கிவிடுகிறது.

அவிழ்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவதும் பிழை. தெருவில் அதற்குக் கிடைப்பது குப்பை. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ நெகிழிக் கழிவை எடுத்தனர். தெருவில் திரியும் மாடு பிறருக்கும் ஆபத்தே. 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒன்று ஒரு பெண்ணை முட்டித் தெருவில் இழுத்துச் சென்றதை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் அதே ஆண்டில் மாநகராட்சி, தெருவில் பிடிபடும் மாடுகளுக்கான அபராதத்தை முதல் முறை 10,000 ரூபாய், மறுமுறை 15,000 ரூபாய் என உயர்த்தியது. நோய்ப்படுக்கையில் இருக்கும் ஓர் ஏழைத் தாய்க்கு அது எத்தகைய சுமை! 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமை உண்டு என்கிறது. உடையவர் நோயுற்றார் என்பதால் அக்கடமை மறைந்துவிடுவதில்லை; அதை ஏற்க ஒருவர் வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தை அந்நாள்களில் மீண்டும் எடுத்து வாசித்தோம். பதினெட்டு ஆண்டுகள் கூனியிருந்த ஒரு பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். தொழுகைக்கூடத் தலைவர் சினமடைகிறார். அப்போது ஆண்டவர் எடுத்துக்காட்டாகச் சொல்வது எது? ஓய்வுநாளிலும் மாட்டையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக் கொண்டுபோய் நீங்கள் தண்ணீர் காட்டுவதில்லையா என்பதைத்தான். இப்பகுதியைப் பன்முறை விளக்கிய நாம், மாட்டை வெறும் உவமையாகவே தாண்டிச் சென்றிருந்தோம். நோயுற்ற பெண்ணின் கட்டு அவிழ்வதையும், தாகமுற்ற மாட்டின் கட்டு அவிழ்வதையும் ஒரே மூச்சில் பேசுகிறார் ஆண்டவர். நம் பங்குத் தாயின் வீட்டில் அவ்விரண்டும் ஒரே கட்டாக இருந்தன. ஒன்றை அவிழ்க்காமல் மற்றொன்றை அவிழ்க்க முயன்றோம்.

அவ்வாண்டு உயிர்ப்பு விழா கழிந்ததும் வேலையைத் தொடங்கினோம். தொழுவத்திலிருந்து மீட்ட பசுவும் கன்றும் ஆடுகளும் இருந்தன. தாய்க்கு மருந்து தொடர்ந்தது. நோய் மீண்டும் முற்றக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "மறு கை யாருடையது?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்து, எதிர்வீட்டு இந்துக் குடும்பத்து மருமகளைச் சொன்னார். அந்தச் சகோதரிக்கு மாட்டைக் கண்டாலே அச்சம், ஆனால் பொறுமைசாலி. அதனால்தான் அவரைத் தேர்ந்ததாகத் தாய் சொன்னார்.

ஒரு மாதம் பயிற்சி நடந்தது. முதல் வாரம் தீவனம் வைப்பதும், கழுத்தைச் சொறிந்து கொடுப்பதும் மட்டுமே. இரண்டாம் வாரம், தாயின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னர் தாய் இரண்டு காம்பும் அவர் இரண்டு காம்பும் கறந்தனர். நான்காம் வாரம் தாய் வேண்டுமென்றே வீட்டிற்குள் இருந்துகொண்டார். அன்று பால் இறங்கிய செய்தியைத் தெருவே கொண்டாடியது.

ஒரு பள்ளி நோட்டில் நாமே எழுத்தராக இருந்து தாய் சொல்லச் சொல்ல எழுதினோம். பசுவின் வயது, காதுத் தகட்டிலுள்ள 12 இலக்க எண், கடைசியாகக் கன்று ஈன்ற நாள், சினை ஊசி போட்ட நாள். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவிட வேண்டும் என்பதால் அந்த நாள் முக்கியம். காலையிலும் மாலையிலும் எத்தனை மணிக்குக் கறப்பது, எந்தப் பக்கம் உட்காருவது. வைக்கோல் எவ்வளவு, தவிடு எத்தனை படி. சோறும் விருந்து மிச்சமும் ஒருபோதும் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில். கோமாரித் தடுப்பூசி போட்ட தேதிகள். கால்நடை மருந்தகம் எங்கே, அவசரத்திற்குக் கால்நடை ஊர்திக்கு 1962 என்ற எண். வைக்கோல் கடையில் முன்பணமாகப் பத்து நாள் தீவனத்திற்கான தொகை. பால் வாங்கும் வீடுகளின் பட்டியல்.

பணத்தைப் பற்றியும் எழுதினோம். தாய் படுத்திருக்கும் நாள்களில் தீவனச் செலவு போக மிஞ்சுவதில் பாதி, கறப்பவருக்கு. எதிர்வீட்டுச் சகோதரி முதலில் மறுத்தார். "சும்மா செய்யறது பத்து நாளைக்கு ஓடும்மா, நோவு பத்து நாளுல முடியுமா?" என்றார் தாய். மாட்டை வாரத்துக்கு விடுவது நம் சிற்றூர்களில் உள்ள பழைய வழக்கந்தானே! உழைப்பிற்குப் பங்கு உண்டு என்ற முன்னோரின் அறிவு அதில் இருக்கிறது. நோய் நீண்டு, விற்க நேர்ந்தால் யாரைக் கேட்டு விற்பது, என்ன விலைக்குக் குறையக் கூடாது என்பதையும் எழுதி, தாயும் மகனும் ஒப்பமிட்டனர். ஆடுகளை அப்போதே மகனின் ஒப்புதலோடு விற்று, அத்தொகையை மருந்துக்கென வைத்தனர். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என முடிவெடுப்பதும் ஏற்பாட்டின் பகுதியே.

இன்னொன்றையும் சேர்த்தோம். மறு கை வேறு கூரையின் கீழ் இருப்பது நல்லது. 2020ஆம் ஆண்டுக் கோடையில், சென்னையில் கொரோனா தொற்று மிகுந்திருந்த மண்டலமாக இராயபுரம் விளங்கிய வாரங்கள் நினைவிருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள் என ஒரு வீட்டாரே மொத்தமாகப் படுத்த நாள்கள் அவை. வீட்டுக்குள்ளேயே ஒருவரை நம்பியிருந்தால் அத்தகைய நாளில் அந்தக் கையும் சேர்ந்தே விழுந்துவிடும். அதுபோல, மருத்துவமனைக்குச் செல்லும்போது நாம் மாடு வளர்ப்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கன்றுவீச்சு நோய் போன்றவை மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றி நீண்ட காய்ச்சலைத் தரக்கூடும். மருத்துவர் அறிந்தால்தான் அதையும் சோதிப்பார்.

பின்லாந்து நாட்டில் 1970களிலிருந்தே, கால்நடை வளர்க்கும் உழவர் நோயுற்றால் அவருக்கு மாற்றாகத் தொழுவத்திற்கு ஆள் அனுப்பும் முறை சட்டத்தின் வழியே நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் அவ்வளவு தூரம் நாம் வரவில்லை. ஆனால் நமக்கு அன்பியங்கள் உண்டு, வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, எதிர்வீடு உண்டு. வடசென்னை மக்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைப்பர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. முதலில் தொட்டி; பிறகே மருத்துவம். பசித்த உயிர்க்கு முதலில் வேண்டியது எது என்று நம் ஊரின் நினைவே சொல்லிக்கொடுக்கிறது.

எட்டு மாதங்கள் சென்றன. திருவருகைக் காலத்தில் தாய்க்கு மீண்டும் மூச்சு முட்டியது. இம்முறை எவரும் வந்து மன்றாட வேண்டியிருக்கவில்லை. மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நோட்டை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, தாமே ஆட்டோவில் ஏறினார். நாம் மருத்துவமனையில் சந்தித்தபோது, "காலையில கறந்தாச்சாம் சாமி. ஒரு சொட்டு குறையலியாம்" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த அமைதியை, நாம் பூசிய எண்ணெய் மட்டும் தந்திருக்க இயலாது. பத்து நாள் மருத்துவத்தை முழுமையாக ஏற்றார். பதினொன்றாம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அடக்கத் திருப்பலி காலை பத்து மணிக்கு. கோவிலின் கடைசித் தூணருகே எதிர்வீட்டுச் சகோதரி நின்றிருந்தார். அன்றும் நாலரை மணிக்குக் கறந்து, இருபது வீட்டுக்கும் ஊற்றிவிட்டு வந்ததாகப் பிறகு அறிந்தோம். சுற்றியிருந்தது அந்தப் பழைய சேலை.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பர் பெயரால் வழங்குவது என்பர். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அந்த இராயப்பரிடம் மும்முறை கேட்டுத் தம் ஆடுகளை ஒப்படைத்தார். தாம் பிரியுமுன் தம் மந்தைக்கு ஒரு கையை ஏற்பாடு செய்தார். அதற்கு அடுத்த சொல்லிலேயே, நீ முதுமையடையும்போது வேறொருவர் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்வார் என்ற பொருளில் எச்சரிக்கவும் செய்தார். ஒப்படைக்கப்பட்டவரும் ஒருநாள் ஓய்ந்துபோவார். அவரும் மற்றொருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

இப்போது நம் பங்கில் நோயுற்றோரைச் சந்திக்கும் அன்பியத்தினரின் குறிப்பேட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: "வீட்டில் இவரை நம்பி வாழும் உயிர்கள் எவை? அவை அறிந்த மறு கை யாருடையது?" அன்பர்களே, உங்கள் கொட்டகையில் ஒரு பசு இருக்கலாம்; நான்கு ஆடுகளோ ஒரு கோழிக்கூடோ இருக்கலாம். நலமாயிருக்கும் இந்த நாளிலேயே அவ்வினாவுக்கு விடை எழுதி வையுங்கள். மாடு வளர்க்காத நம்மவர்களும் நாளை விடியுமுன் எதிர்வீட்டுக் கொட்டகையை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். அங்கே தேவைப்படும் மறு கை நம்முடையதாகவும் இருக்கலாம்.